மதினியின் இரண்டு பெண்கள்

மதினி,

நேற்று மதுரையில் டாக்டர் அறைக்கு வெளியே ஒரு தாய், அலறிக்கொண்டிருந்த மகனைக் கனத்த போர்வையால் இறுகச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பிள்ளை மெல்ல அடங்கியது. எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

என் பேத்தியின் மகனைக் காட்டப் போயிருந்தோம். ஆட்டிசம் என்றார் டாக்டர். "பேர் ஒண்ணுதான் பாட்டி. ஆனா பிள்ளைக்குப் பிள்ளை வேற மாதிரி இருக்கும்."

அந்தக் காலத்தில், நம் கடலோர மாரியூரில், அந்தப் பெயர் தெரியாமலே உங்களுக்கு அது தெரிந்திருந்தது.

உங்கள் பெரியவள் அருளுக்குப் பேச்சே வரவில்லை. கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். சின்னவள் பிலோ ஓயாமல் பேசுவாள். எல்லாம் காற்றைப் பற்றித்தான், வாடை, கொண்டல், கச்சான் என்று. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஊருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்: பைத்தியம்.

ஒருநாள் அருள் கழுத்தளவு கடலுக்குள் போய்விட்டாள். மறுநாள் என் பெரியப்பா சங்கிலியோடு வந்தார். "ரெண்டையும் கோயில்ல கொண்டுபோய்க் கட்டுவோம். அங்கன சரியாயிரும்." அண்ணன் வாசலை விட்டு விலகி வழிவிட்டார். சங்கிலிச் சத்தத்தில் அருள் சுவரில் தலையை மோதத் தொடங்கினாள். நீங்கள் பாய்மரத் துணியால் அவளை இறுகச் சுற்றி அணைத்துக்கொண்டீர்கள். அவள் மூச்சு சீரானது. அதைப் பார்த்துப் பெரியப்பாவும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு பிலோவை இழுத்து அணைத்தார். அவள் அவர் கையைக் கடித்துவிட்டாள்.

"அவளத் தொடாதீங்க மாமா, சொன்னாப் போதும்" என்றீர்கள். "பிலோ, தாத்தா இப்பப் போயிருவாரு. பெறகு கஞ்சி குடிப்போம்."

பிலோ அடங்கினாள்.

"பாத்தீங்களா? ஒருத்திய இறுக்கிப் பிடிக்கணும், ஒருத்தியத் தொடவே கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே சங்கிலியவா போடப் போறீங்க?"

அண்ணன்தான் சங்கிலியை எடுத்துப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

சில வருஷத்தில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அடக்கத்தன்று அருள் உங்கள் சேலைக்குள் சுருண்டு கிடந்தாள். பிலோ அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் கச்சான் அடிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

பிறகு என்னிடம் வந்தாள். "அத்தை, அம்மா எப்ப வருவா?"

"வரமாட்டா பிலோ. செத்துட்டா. இனிமே நான்தான் ஒனக்குக் கஞ்சி ஊத்துவேன்."

"சரி" என்றாள். என் பக்கத்தில், தொடாத தூரத்தில், உட்கார்ந்துகொண்டாள். அருள் கண்மூடும் வரைக்கும் இருவரும் என்னோடுதான் இருந்தார்கள். பிலோ இன்னும் இருக்கிறாள்.

நேற்று பஸ்ஸில் பேத்தி கேட்டாள்: "இவன் அருளம்மா மாதிரியா, பிலோம்மா மாதிரியா?"

"ரெண்டு பேர் மாதிரியும் இல்ல தாயி" என்றேன். "இவனப் பாத்துத்தான் இவனத் தெரிஞ்சுக்கணும்."