நேரம் குறிச்சு வைச்ச சிரிப்பு

வெள்ளிக்கிழமை, கிங்ஸ்பரி

கேக் கடை அண்ணையின்ர அம்மா செவ்வாய்க்கிழமை மோசம்போயிட்டா. கடையின்ர இணையப் பக்கத்தைப் பாக்கிறது என்ர வேலை; மரண அறிவித்தலையும் அதில நான்தான் போட்டனான். ஆனா, தானா வெளியாகட்டும் எண்டு போன மாதமே நேரம் குறிச்சு வைச்ச விளம்பரப் பதிவுகளை நிப்பாட்ட மறந்துபோனன். இண்டைக்குப் பத்து மணிக்கு, அந்த அறிவித்தலுக்கு மேல, அம்மா வீடியோவில கேக் சாப்பிட்டுச் சிரிக்கிறா: "எல்லாரும் வாங்கோ பிள்ளையள்!"

"செத்தவீட்டுத் துடக்குக் கழிய முந்திக் கேக் விக்கினமோ?" எண்டு சனம் கீழ எழுதத் தொடங்கீட்டுது. பதறிப்போய் அடியோட அழிச்சன்.

பின்னேரம் அண்ணை போனில கோல் எடுத்தார். ஏசப்போறார் எண்டு பயந்தன்.

"ஏன் தங்கச்சி அழிச்சனீ? அம்மாவின்ர குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன். எனக்கு அதை அனுப்பிவிடு."

ஓம் எண்டிட்டன். போன், லப்டொப் எல்லாம் தேடிப் பாத்திட்டன். ஒண்டிலயும் இல்லை.

அண்ணை இன்னும் ஒன்லைனில நிக்கிறார்.