விபூதி பட்ட வெல்வெட்

இன்று காலை ஆய்வுகூடத்து இழுப்பறையைத் திறந்து, பொலித்தீன் பையில் கிடந்த அந்த மெரூன் நிற வெல்வெட் துணியை வெளியே எடுத்தேன். பையைப் பிரித்ததுமே விபூதி வாசம் வந்தது. கூடவே அடுப்புப் புகையும், மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணியின் புளித்த நெடியும். எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தும்மினேன். கண்ணாடியின் மேல் தும்மினால் நீ என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாய். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. உனக்குப் பயந்து தும்முகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நேற்று உன் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், போன் செய்தார். அதனால்தான் துணியை எடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நம் வேலையை இப்போது நான்தான் விளக்க வேண்டியிருக்கிறது. உன் வார்த்தைகளையே சொல்லிச் சமாளிக்கிறேன். கண்ணாடித் தகட்டில் பொலிமர் என்கிற பல்பகுதியப் பூச்சு ஒன்றை மெல்லியதாகப் பூசி, அதை வெல்வெட்டால் ஒரே திசையில் உரசுகிறோம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அப்படி உரசிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகத்தை விட்டால், அதன் மூலக்கூறுகள் துணி போன திசையிலேயே வரிசையாகப் படுத்துக்கொள்ளும். அப்படியே இறுக வைத்து உரித்தெடுத்தால் மெல்லிய மஞ்சள் சவ்வு ஒன்று கிடைக்கும். ஊதா வெளிச்சம் பட்டால் அது வெளிச்சத்தைப் பார்த்து வளையும். வெள்ளை வெளிச்சம் பட்டால் நிமிரும். கேட்கிறவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைப் பற்றியே கேட்பார்கள். உனக்கு அதில் ஒரே எரிச்சல்.

"வெளிச்சம் சும்மா கூப்புடும்டி. எந்தப் பக்கம் வளையணும்னு கண்ணாடி அப்பவே சொல்லி வச்சிருக்கும்" என்பாய். கண்ணாடியை விட்டு உரித்து, வெட்டி, பெட்டியில் போட்ட பிறகும் அந்தத் திசை சவ்வுக்குள்ளேயே இருக்கும் என்பதுதான் உனக்குப் பிடித்த விஷயம். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் கொஞ்சம் தணியும்.

உரசுவதில் நம் இருவருக்கும் ஒத்துப்போகாது. நான் அளவு பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பேன். நீ ஏதாவது பேசிக்கொண்டே, பாதியில் சிரித்துக்கொண்டே இழுப்பாய். "ஒனக்குக் கையி பெரட்டுல நிக்கிற மாதிரியே போகுது" என்று கிண்டல் வேறு. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கிற அந்தப் பெரட்டில் நம் அம்மாக்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்த நமக்குக் கை மட்டும் எப்படி இத்தனை வித்தியாசமாகப் போனது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். அத்தை கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உன் முன்னால் நின்றார்.

"எல்லாரும் கேக்குறாங்க. டீச்சரா, நர்ஸா, பேங்க்லயாங்குறாங்க. நான் என்னான்னுதான் சொல்றது?"

"கண்ணாடிய துணியால ஒரசுறேம்மா. தல வாரி விடுற மாதிரி."

"அதுக்கு எதுக்கு கெம்பஸு?"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "வெளிச்சம் பட்டா தானா அசையிற மாதிரி ஒன்னு செய்றேன். கொண்டாந்து காட்டுறேன். பாத்துட்டு அப்புறம் நீயே எல்லாருக்கும் சொல்லு" என்றாய். அத்தை தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் நம்பினாரா இல்லையா என்று அன்றைக்குத் தெரியவில்லை. நீ மட்டும் அந்த வாக்கை விடவே இல்லை. சவ்வு கிழிந்த ஒவ்வொரு நாளும், "அம்மாக்கு என்னாத்தக் காட்டுறது" என்றுதான் முதலில் சொல்வாய்.

அப்புறம் வெல்வெட் தீர்ந்துபோனது. வெளிநாட்டிலிருந்து எதுவும் வராத காலம். எழுதிக் கேட்டுப் பார்த்துவிட்டு, நீயே ஹட்டன் கடைவீதியில் தேர்ச்சீலை விற்கிற கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். முதலாளி துணிக்கட்டை விரித்து, "எந்தத் தோட்டத்துத் திருவிழாம்மா? முருகனுக்கா, மாரியம்மனுக்கா?" என்று கேட்டார்.

"கண்ணாடிக்கு மொதலாளி."

அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி உன்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் வெட்டிக் கொடுத்தார்.

அந்தத் துணியோடு நேராக ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கலாம். வெள்ளிக்கிழமையாக இருந்ததால் வீட்டுக்குப் போனாய். புதுத்துணி எதையும் சாமி படத்துக்கு முன்னால் வைக்காமல் அந்த வீட்டில் எடுத்ததில்லை. நீ குளித்துவிட்டு வருவதற்குள் அத்தை வெல்வெட்டைத் தட்டில் வைத்து, சூடம் காட்டி, கை நிறைய விபூதி எடுத்துத் தூவி, உள்ளங்கையால் அழுத்தித் தடவியும் விட்டிருந்தார். மகள் கையில் எடுக்கப்போகிற துணிக்குக் கொஞ்சமாகப் போட்டால் ஆகுமா? நீ வாசலில் நின்று நன்றாக உதறியதாகச் சொன்னாய். வெல்வெட்டின் மயிருக்குள் போன விபூதி உதறினால் வருமா என்ன.

அந்தத் துணியால் நீ உரசிச் செய்த சவ்வு வெளிச்சத்துக்கு நேராக வளையவில்லை. ஒரு மூலை எழுந்தது, இன்னொரு மூலை முறுக்கிக்கொண்டது, நடுவில் ஒரு நடுக்கம். நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, சீராக இருட்டாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் கீறல் கீறலாக மின்னியது. எங்கெங்கோ போன கீறல்களைப் பார்த்து மூலக்கூறுகளும் எங்கெங்கோ படுத்திருந்தன. நான் இரசாயனத்தைச் சந்தேகப்பட்டேன், பூச்சைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் உன் கையையும் சந்தேகப்பட்டேன். நீதான் துணியைக் கொண்டுவந்து நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தாய். மயிருக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் துகள்.

நீ நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எங்கம்மா பிலிமுக்கு சாமி வர வச்சிருச்சுடி. இங்க பாரு, சாமியாடுது."

எனக்குக் கோபம். இத்தனை நாள் வேலை போச்சே என்று அத்தையிடம் சொல்லத்தான் வேண்டும் என்றேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். "சொல்லாத. தெரிஞ்சா அது அப்புறம் எதுக்குமே விபூதி போடாது." அவ்வளவுதான் சொன்னாய். வேறு வெல்வெட் வாங்கி, அதை ஊருக்கே கொண்டுபோகாமல் ஆய்வுகூடத்திலேயே வைத்துக்கொண்டாய். ஆடிய சவ்வை எறியச் சொன்னதற்கு என்னை முறைத்துவிட்டு ஒரு சின்னப் பெட்டியில் போட்டு மூடினாய்.

புதுத் துணியால் நான் உரசி, சரியான சவ்வு கிடைத்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். இரத்தத்தில் வந்த அந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன், அதன் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, முடிந்துவிட்டது என்றேன். "நேரா வளைஞ்சுச்சா?" என்று கேட்டாய். நேராகத்தான் என்றேன். "வெளிய வந்ததும் அம்மாக்கிட்ட காட்டிரணும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு வெளியே வந்தாய், பெட்டியில். உன் மேல் எனக்கு இன்னமும் கோபம்தான். உரசிக்கொண்டே பேசுகிற ஆள் இல்லாமல் இந்த அறை எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று உனக்குத் தெரியாது.

இழவு வீட்டில் மழை விடவே இல்லை. வெளியே தகரத்துக்குக் கீழே நின்று தப்பு அடித்தார்கள். மேல் லயத்திலிருந்து வந்த ஓர் அம்மா, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள கெம்பஸ்ல என்னா வேலம்மா செஞ்சுச்சு?" என்று கேட்டார்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "கண்ணாடி தொடைக்கிற வேல" என்றார்.

கேட்டவர் தலையை ஆட்டினார். பாவம் என்று நினைத்திருப்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் பூச்சையும் மூலக்கூறையும் பற்றி நான் என்ன சொல்வது? இத்தனை வருடம் நீ படித்ததற்கும், அத்தை கொழுந்து பறித்து உன்னைப் படிக்க வைத்ததற்கும் அந்த லயத்தில் அந்த ஒரு வரிதான் மிஞ்சப்போகிறது என்று நினைத்தபோது, எனக்கு உன் சாவைவிட அது பெரிதாக வலித்தது. அப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அத்தையைப் பார்க்கப் போனேன். நல்ல சவ்வும் ஆடிய சவ்வும் தனித்தனிச் சின்னப் பெட்டிகளில் என் பையில் இருந்தன. வெல்வெட்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கிற மாதிரி ஓர் ஊதா டோர்ச் வாங்கிக்கொண்டேன். மூடுபனி கதவு வரைக்கும் வந்திருந்ததால் உள்ளே இருட்டாகத்தான் இருந்தது.

முதலில் நல்ல சவ்வைக் காட்டினேன். கவ்வியில் பிடித்து டோர்ச்சை அடித்ததும் அது எழுந்து, வெளிச்சத்தைப் பார்த்து அழகாக வளைந்தது. உன் கணக்கில் எந்தப் பிசகும் இல்லை. போன் வெளிச்சத்தைக் காட்டினேன், நிமிர்ந்தது. அத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"வெயில்ல காஞ்ச எல மாதிரி இருக்கு" என்றார். பிறகு நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ, "நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். தேத்தண்ணி போட எழுந்தவர் நின்று, "நான் விபூதி போட்டுக் குடுத்தேனே, அந்தத் துணியில செஞ்சதா?" என்று கேட்டார்.

மற்றப் பெட்டியைத் திறந்தேன்.

வெளிச்சம் பட்டதும் உன் சவ்வின் ஒரு மூலை துள்ளி எழுந்தது. அடுத்த மூலை முறுக்கிக்கொண்டு திரும்பியது. டோர்ச்சை நகர்த்தினால் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி, தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபக்கம் போனது. அத்தை மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"சாமியாடுதுடி" என்றார்.

நீ சிரித்துக்கொண்டு சொன்ன அதே சொல். நான் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை அழவில்லை. எழுந்துபோய் வாசல் இஸ்தோப்பில் நின்று பக்கத்துக் காம்பரா வீட்டாரைக் கூப்பிட்டார். "இங்க வாங்க. எங்க புள்ள செஞ்சது. வெளிச்சம் பட்டா ஆடும். அதுக்குத்தான் அது கெம்பஸுக்குப் போச்சு."

சவ்வையும் டோர்ச்சையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உன் படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கொடுக்கப் போன வெல்வெட்டில் மறுபடியும் விபூதி தூவி, உள்ளங்கையால் தடவி, "இத வச்சே செய்யி" என்று என் கையில் கொடுத்துவிட்டார். அதை அப்படியே பொலித்தீன் பையில் போட்டு, மற்றத் துணிகளோடு சேராமல் இந்த இழுப்பறையில் வைத்தேன்.

நேற்றுப் போனில் அத்தையின் குரல் சரியாக இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். சவ்வு முறுக்கிய இடத்தில் கிழிந்துவிட்டதாம். "ஆட மாட்டேங்குதும்மா. நான்தான் ரொம்ப ஆட்டிப்புட்டேனோ?" என்று கேட்டார். உங்கள் பிழை இல்லை அத்தை, இன்னொன்று கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபமாக இருந்தது.

ஆகவே இன்று விபூதித் துணியால் உரசினேன். உதறவில்லை. கீறல் விழ வேண்டும் என்றே அழுத்தி உரசினேன். கீறலும் விழுந்தது. ஆனால் எல்லாக் கீறலும் ஒரே பக்கமாக, அடுக்கி வைத்த மாதிரி விழுந்திருக்கிறது. உரித்தெடுத்து வெளிச்சத்தைக் காட்டினால் சவ்வு நேராக வளைகிறது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் நேராக. கோணலாக இழுத்துப் பார்த்தேன், அதுவும் ஒழுங்கான கோணலாகவே வந்தது. விபூதி உன் அம்மாவுடையது. ஆட்டம் உன்னுடையது என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிகிறது. பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நீ இழுத்த இழுப்பை அந்தக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தது. அந்தக் கண்ணாடியை எப்போதோ கழுவிவிட்டோம். சவ்வும் கிழிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று அத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே மழை கூடிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கண்ணாடியை எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். நீ பக்கத்தில் நின்று கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு, உரக்க எதையாவது பேசிக்கொண்டே துணியை இழுத்துப் பார்க்கிறேன். கை நேராகத்தான் போகிறது.