பம்பில் இருந்த மற்றது

14.8.1979, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது பயம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

லயத்து வீடுகளுக்குப் பின்னால் நாங்கள் போட்ட சோளம் இலையில் வெள்ளைக் கோடு விழுந்து வளராமல் நின்றபோது, விவசாய இலாகா ஆள்தான் துத்தநாக உப்பு கொடுத்தார். தண்ணீரில் கரைத்து இலையில் அடிக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் முதுகுப் பம்பில் ஊற்றி அடித்தார். இலை பச்சை பிடித்தது. இன்று சாயங்காலம் முதல் கதிர்களை அவித்தேன். மகள் செல்வி இரண்டு தின்றாள்.

அந்த நேரம் பார்த்து இலாகா ஆள் வந்தார். "இலை குடிச்ச சத்து மணிக்குள்ளயும் போயிரும் அக்கா. பிள்ளைக்கு ரொம்ப நல்லதுலா," என்று சிரித்துவிட்டுப் போனார்.

சத்து போகுமென்றால், பம்பில் வேறு ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதுவும் போகுமே?

"எந்தப் பம்புல அடிச்சீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"உன் பம்புலதான். ஸ்டோர்லேர்ந்து எடுத்தாந்தேன்."

தேயிலைக் காட்டில் நான் களையைக் கருக்கும் புல் மருந்து அடிக்கிற பம்பு அது. வாயில் பட்டால் ஆள் பிழைக்காது என்று கங்காணி தினமும் சொல்லித்தான் அந்த மருந்தை ஊற்றுவார்.

"கழுவுனீங்களா?"

"கழுவுனேன்னுதான் நெனைக்கிறேன். மருந்து இருந்திருந்தா இலை கருகியிருக்காதா? சும்மா பயப்படாதலா."

சரிதான், இலை கருகவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். வாய் கசக்கிறதா என்று செல்வியைக் கேட்டேன். "இனிக்குதும்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். மூச்சு சீராகத்தான் வருகிறது.

இப்போதுதான் தட்டுகளை எடுத்து வைத்தேன். அவர் சோறு முழுக்கச் சாப்பிட்டிருக்கிறார். அவருக்கு வைத்த கதிர் மட்டும் ஒரு மணிகூடக் குறையாமல் கிடக்கிறது.