ஜவுளிக்கடைக் கல்லாவில் தொங்கும் சாவி

அனுப்புநர்:
ப. ஆதிலட்சுமி, க/பெ. பக்கிரி,
பீங்கான் சாமான் வியாபாரம் (நடைபாதை),
கடைவீதி, விருத்தாசலம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
விருத்தாசலம், தென்னாற்காடு மாவட்டம்.

பொருள்: கடைவீதிப் பெண்கள் கழிப்பறையைத் துணிக் கிடங்காக மாற்ற அனுமதி தரக் கூடாது என்பதும், அதன் சாவியை ஜவுளிக்கடையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எட்டாம் வகுப்பு வரை படித்த நான் இந்த மனுவை என் கைப்பட எழுதுகிறேன். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம்தான் முதலில் போனேன். என்ன விஷயம் என்று கேட்டார். சுற்றிலும் ஆண்கள். சொல்ல வாய் வராமல் திரும்பிவிட்டேன். ஆகவே எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. சூளைகளில் கழித்துக் கட்டும் கோப்பை, ஊறுகாய் ஜாடி முதலியவற்றைப் பதினோரு வருடமாகக் கடைவீதியில் விற்று வருகிறேன். என்னையும் சேர்த்து அங்கே நடைபாதையில் உட்கார்ந்து விற்கும் பெண்கள் முப்பத்து நான்கு பேர். இது தவிர சுற்று வட்டாரத்து வேப்பூர், மங்களூர், சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறிச் சாமான் வாங்க வரும் பெண்கள் நூற்றுக்கணக்கில். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தால் ஒரு பகல் முழுக்க இங்கேதான். ஆண்களுக்குக் குறை எதுவும் இல்லை. சுவர் என்று ஒன்று எங்கே இருந்தாலும் அவர்களுக்குப் போதும். எங்களுக்கு இருந்தது ஆற்றுச் சரிவு ஒன்றுதான். அங்கேயும் இப்போது லாரி கழுவுகிறார்கள்.

2. இந்நிலையில், சென்ற தை மாதம் அரசு நிலத்தில் பெண்களுக்கென்று இரண்டு அறைகள் கட்டி, கடைவீதி வியாபாரிகள் ஐக்கிய சபையின் பொறுப்பில் விட்டார்கள். உள்ளே பதித்திருக்கும் பீங்கான் நம் ஊர்ச் சூளையில் சுட்டது. இங்கே சுட்ட பீங்கான் ரயிலேறி எந்தெந்த ஊருக்கோ போகிறது, ஒன்றாவது நமக்கு மிஞ்சியதே என்று சந்தோஷப்பட்டேன். மைக் செட் வைத்துத் திறந்தார்கள். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. மறுநாளே பூட்டிவிட்டார்கள்.

3. சாவி, சபைத் தலைவர் திரு. அர்ச்சுனன் அவர்களின் ஜவுளிக்கடையில், கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வேண்டுபவர் கடைக்குள் போய், புடவை பார்க்கிற கூட்டத்தைத் தாண்டி, கல்லாவில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். அது மட்டுமல்ல, ஐயா. ஒரு நோட்டும் வைத்திருக்கிறார்கள். பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், தெரு, நேரம், காரியம் என்று ஐந்து கட்டம். கழிப்பறைக்குப் போகிறவள் காரியம் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சபையார் இதுவரை தெரிவிக்கவில்லை.

4. மாசி மாதத்தில் ஒரு நாள் வேறு வழியில்லாமல் போய்க் கேட்டேன். கல்லாவில் இருந்தவர், "என்னாத்துக்கும்மா சாவி?" என்றார். கதவில் எழுதியிருப்பதை அவருக்கு நான் படித்துக் காட்ட வேண்டுமா? எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் திரும்பி வருவதற்குள் அதை ஒருவர் உரக்கப் படிக்க, துணி மடிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு வாரம் அந்தக் கடை ஆட்கள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம், "சாவி வேணுங்களா?" என்று கேட்டார்கள். நான் மறுபடி அந்தப் படி ஏறவில்லை. இந்தக் கேலியைப் பார்த்த மற்ற பெண்களும் ஏறவில்லை.

5. எனக்குப் பக்கத்தில் கீரை விற்பவர் பெரியம்மாள். விடியற்காலையில் வீட்டில் தண்ணீர் குடித்தால், பிறகு பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பார். வெயிலில் உதடு வெடித்திருக்கும்; செம்பைத் தொடமாட்டார். ஆடி மாதத்தில் ஒரு நாள் என்னிடம் வந்து, "நீ படிச்சவ, எனக்காக அந்தச் சாவிய வாங்கிக் குடு, ஆதி" என்று கெஞ்சினார். எனக்கு வெட்கம். சாயங்காலம் வரை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாலாம் நாள் குளிர் ஜுரம் வந்து கீரைக் கட்டின் மேலேயே சாய்ந்தார். கடலூர் பெரியாஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தார். தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி மூத்திரப்பை புண்ணாகி, விஷம் கிட்னி வரை ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. இன்னொரு தடவை வந்தால் பிழைப்பது கஷ்டமாம். அவர் நேற்று முதல் மறுபடி வியாபாரத்துக்கு வந்திருக்கிறார். வராவிட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. அடக்கச் சொன்னவள் நான்.

6. இப்படியிருக்க, எட்டு மாதத்தில் நோட்டில் மூன்றே பெயர்கள்தான் உள்ளன, ஆகவே பெண்களுக்குக் கழிப்பறை தேவைப்படவில்லை, அக்டோபர் முதல் தேதியிலிருந்து தீபாவளிச் சரக்கு வைக்க அனுமதிக்க வேண்டும் என்று சபையார் அந்த நோட்டையே சாட்சியாக வைத்துத் தங்களுக்கு எழுதியிருப்பதாக அறிகிறேன். அந்த மூன்றில் இரண்டு, திறப்பு விழாவுக்கு மறுநாள் பூட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்த்த சபைக்காரர் வீட்டு அம்மாக்கள். மூன்றாவது நான். சாவிக்கு விலையாக எங்கள் மானத்தைக் கேட்டுவிட்டு, அதைக் கொடுக்காதவர்களுக்குக் கழிப்பறை தேவையே இல்லை என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வந்தது, ஐயா? அந்தக் கடையில் புடவை எடுப்பது நாங்கள்தானே?

7. ஆகவே, கிடங்கு அனுமதியை மறுத்து, நோட்டை ஒழித்து, சாவியை நடைபாதைப் பெண்களில் ஒருத்தியிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டுகிறேன். கூட்டிக் கழுவி வைத்துக்கொள்வதை நாங்கள் முறை போட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

சபையார் சொல்வது நிஜமா, நான் சொல்வது நிஜமா என்று தாங்கள் நேரில் விசாரிக்க விரும்பலாம். அப்படி வருவதானால் தயவுசெய்து தங்கள் வீட்டு அம்மாவையும் அழைத்து வாருங்கள். காலை எட்டு மணிக்குக் கடைவீதியில் இறக்கி விடுங்கள். என் பக்கத்தில் இடம் போட்டு, மரியாதையாகப் பார்த்துக்கொள்கிறேன். காபி, மோர், இளநீர் எது கேட்டாலும் வாங்கித் தருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாங்கள் வந்து அழைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அம்மா எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே உத்தரவு போடுங்கள், நாங்கள் கட்டுப்படுகிறோம்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 16-9-1974

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ப. ஆதிலட்சுமி

(பெரியம்மாள் உள்ளிட்ட முப்பத்து மூன்று பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்.)