நான் கையெழுத்துப் போடாத மருந்து

மார்ச் 4
எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மைக். மைக்கைக் கண்டால் விடமாட்டார். இன்றும் இரண்டு நிருபர்களைக் கூட்டி வந்து, என் எலிக்கூண்டுகளின் முன்னால் நின்று பேசினார். பூச்சிமருந்தின் விஷம் மூளைக்கு ஏறிவிட்டால், வழக்கமான முறிவு மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதையே நானோ துகள் என்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்குள் வைத்து அனுப்பினால் சேர்கிறது. விஷம் ஏறிய இருபது எலிகளில் பதினெட்டு பிழைத்தன. ஆறு வருடம் நான் பட்ட பாடு. "என்னோட கண்டுபிடிப்பு" என்கிறார், வாய் கூசாமல்.

மார்ச் 9
பிழைத்த எலிகளை அறுத்துப் பார்த்தேன். ஒன்பதின் கல்லீரல் வெந்தது மாதிரி இருக்கிறது. மூளைக்குப் போனது போக மிச்சத் துகளெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கிறது.

மார்ச் 11
மைக்கிடம் காட்டினேன்.
"அதுங்களுக்கு ஏற்கெனவே நோய் இருந்திருக்கும்மா. அந்த ஒன்பதையும் எடுத்துட்டு எழுது."
மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்கும் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.
"இனிமே என் மூஞ்சியில முழிக்காத."
நல்லதாப் போச்சு. அந்த மூஞ்சியில யாருக்கு முழிக்கணும்?

மார்ச் 20
தம்பி. பழத்தோட்டத்தில் மருந்தடிக்கும்போது எதிர்க்காற்று. முகமூடியைக் கழற்றி வைத்திருந்தானாம். வாயில் நுரை, நினைவில்லை. மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 21
மைக் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். தம்பி மனைவியிடம், நான் பக்கத்தில் இருக்கும்போதே: "இவங்க ஒரு கையெழுத்துப் போட்டா, அவசரத்துக்குன்னு சொல்லி உங்க வீட்டுக்காரருக்கே கொடுத்துடலாம்."
பாவி! அவளை வைத்து என்னை மடக்கப் பார்க்கிறான்.
அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போடுங்கக்கா."
கல்லீரல் விஷயத்தைச் சொன்னேன்.
"உயிரே போகுது, கல்லீரல் என்ன கல்லீரல்!"
டாக்டரிடம் ஓடினேன். "வழக்கமான மருந்துக்குக் கொஞ்சம் கேக்குது. உறுதியா சொல்ல முடியாது" என்றார்.
போடவில்லை. நான் என்ன பிறவி?

மார்ச் 31
குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டான். என்னைப் பார்த்ததும் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 19
தம்பிக்குக் கால் இழுக்கிறது. விஷத்தின் பின்விளைவாம்.
போனில் அவன்: "கையில மருந்த வச்சுக்கிட்டே தரலையாமே நீ?"
போட்டிருந்தால் கால் தப்பியிருக்குமா? தெரியாது. தெரியாதுடா — சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

ஜூன் 6
வெளி ஆய்வகத்துக்கு நான் அனுப்பிய கல்லீரல் துண்டுகளின் முடிவு வந்தது. நான் சொன்னதுதான். அனுமதி தரும் குழுவுக்கும் அதன் பிரதி போயிருக்கிறது. என் கையெழுத்து இல்லாமலே மைக் அனுப்பியிருந்த விண்ணப்பத்தை அதைப் பார்த்து நிராகரித்துவிட்டார்கள். உடனே நிருபர்களிடம், "எங்க கவனத்தாலதான் இது தெரிய வந்துச்சு" என்கிறார். தூ.

ஆகஸ்ட் 2
துகளின் மேல்பூச்சை மாற்றியிருக்கிறேன். புது எலிகளுக்கு இது மூன்றாவது வாரம்.
மதியம் கதவைத் தட்டியது தம்பி மனைவி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சட்டையில் பூச்சிமருந்து நெடி.
"உங்கள நான் மன்னிக்கல. அவர் இடத்துல இப்ப நான்தான் மருந்தடிக்கிறேன். இது எப்ப தயாராகும்?"
"ரெண்டு வருஷமாவது ஆகும்."
கூண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சரி. இதுங்கள அறுத்துப் பாத்துட்டே குடுங்க."