சிவப்புப் பொட்டு வைத்த பொத்தான்

உன் ரிமோட் என் மேசைமேல் கிடக்கிறது. திரையில் ஸ்லைடு மாற்ற நீ கையில் வைத்திருப்பாயே, அந்தக் கறுப்பு ரிமோட். அதன் கடைசிப் பொத்தானில் நீ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு பாதி உரிந்துவிட்டது. காலையில் மேசையைத் துடைக்கும்போது அதை எடுத்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அதை நேராகப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பொத்தானை அழுத்தினால் திரை இருண்டுவிடும். மறுபடி அழுத்தினால் படம் வரும். கூட்டத்தின் நடுவில் தேட வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் பொட்டு வைத்தாய். உன் அளவுக்கு அதைப் பயன்படுத்தியவர்களை நான் பார்த்ததில்லை.

கோலியனூரில் நாம் சேர்ந்து எடுத்த முதல் ஆசிரியர் பயிற்சி நினைவிருக்கிறதா? நான் விழுப்புரத்திலிருந்து வந்தேன், நீ திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாய். காலை வகுப்பு என்னுடையது. ஒவ்வொரு ஸ்லைடிலும் மேலிருந்து கீழ்வரை பொடி எழுத்தாக நிரப்பி வைத்திருந்தேன். ஒரு வரி விடாமல் வாசித்தேன். சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நீ கேட்டாய்: “இன்னாடி அது, ரேஷன் கடை போர்டா?”

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீ விடவில்லை.

“சோத்தப் போட்டுட்டு பக்கத்துலயே நின்னுக்கினு, இது சோறு, இது கொழம்புன்னு சொல்லுவியா? துன்றவங்களுக்குத் தெரியாதா? எழுத்தப் போட்டா படிக்கத்தான் செய்வாங்க. அந்த நேரத்துல நீ இன்னா பேசினாலும் காத்துல போயிடும்.”

மதியம் உன் வகுப்பு. ஒரே ஒரு படம் போட்டாய். திருவக்கரையில் கிடக்கும் கல்மரம், கல்லாகிப்போன பழைய மரம். மரத்தின் வளையங்கள் தெரியும்படி கிட்டப் போய் எடுத்த படம். போட்டுவிட்டு நீ பேசவே இல்லை. யாரோ “கட்டை” என்றார். இன்னொருவர் “கல்லுங்க அது” என்றார். இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் சண்டை போட விட்டாய். பிறகு சிவப்புப் பொட்டை அழுத்தினாய். திரை இருண்டது. எல்லா முகங்களும் உன் பக்கம் திரும்பின. “தட்டிப் பார்த்தா இன்னா சத்தம் வரும்?” என்று கேட்டாய். அதற்கப்புறம் நீ சொன்ன பாடம் அங்கே இருந்த யாருக்கும் மறந்திருக்காது.

திரும்பும்போது, நன்றாக இருந்த படத்தை ஏன் அணைத்தாய் என்று கேட்டேன்.

“அதோட வேலை முடிஞ்சிதுன்னா அது கெளம்பிடணும். இல்லன்னா நானும் அதுவும் போட்டி போட்டுக்கினு இருப்போம்.” பிறகு, பஸ் ஜன்னலைப் பார்த்தபடி, “நெறைய எழுதி வெக்கிறவங்க சோம்பேறி இல்லடி. பயந்தவங்க” என்றாய்.

அது என்னைச் சொன்னது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆனால் உன் வழியை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் தெரிகிற எழுத்து. திரைக்கு முதுகு, ஆட்களுக்கு முகம். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்ட இடங்களுக்கெல்லாம் போய் இதைச் சொன்னேன். உன் ரேஷன் கடை போர்டை என் சொந்த வேடிக்கைபோலச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான், நீ போனபின் நடந்த உன் படத்திறப்பில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

உன் வீட்டுக்காரர் போன் பண்ணினார். “அவ மேடையில பேசி நான் கேட்டதே இல்ல டீச்சர். பஸ்ஸு ஓட்டிக்கினே காலம் போயிடிச்சி. ரிட்டையர் ஆயி, கேக்க வரேன்னு சொன்னா, நீ வந்தா எனக்கு சிரிப்பு வந்துடும், வராதேன்னுட்டா. எப்படிப் பேசுவான்னு நீங்க ஒரு வாட்டி சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

சரி என்றேன். வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன். முதல் வாக்கியத்தையே முடிக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை ஸ்லைடில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததை வாசிக்க முடிந்தது. அடுத்ததையும் எழுதினேன். பிறந்த ஊர் ஒலக்கூர், படித்த பள்ளி, பணியாற்றிய பள்ளிகள், நடத்திய பயிற்சிகள் என்று வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் ‘பண்புகள்’ என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினேன்.

மண்டபத்தில் நான் மேடை ஏறுமுன் உன் வீட்டுக்காரர் இந்த ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். “அவ பையில இருந்திச்சி. இதுலயே பண்ணுங்க.” கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பேச்சைக் கேட்கத் தயாராக இருந்தார்.

மாலை போட்ட உன் படம் மேடையின் ஒரு பக்கம். திரை மறு பக்கம். திரையை வாசிக்க வேண்டுமென்றால் உனக்கும் அவருக்கும் முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். அப்படித்தான் நின்றேன். ‘நகைச்சுவை உணர்வு மிக்கவர்’ என்று வாசித்தேன். ரேஷன் கடை போர்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘மாணவர்களைச் சிந்திக்க வைப்பவர்’ என்று வாசித்தேன். கல்மரத்தைச் சொல்லவில்லை. என் கட்டைவிரல் அந்தப் பொட்டின் மேலேயே இருந்தது. அழுத்தினால் திரை இருண்டுவிடும், நான் திரும்பி அவரைப் பார்த்தாக வேண்டும். அழுத்தவில்லை. என் குரல் ஓரிடத்தில்கூட உடையவில்லை.

கீழே இறங்கியதும் நம்மோடு வேலை பார்த்த ஒருவர், “சூப்பர் டீச்சர். அந்த பிபிடிய குரூப்புல போட்டு விடுங்க” என்றார். அந்தப் பாராட்டுதான் எனக்கு வேண்டியிருந்தது போல, தலையை ஆட்டினேன்.

உன் வீட்டுக்காரர் பந்தியில் என்னை உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் வைத்தார். சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னார்.

“தெரையில இருந்தத நாங்களும் படிச்சிக்கினுதான் இருந்தோம் டீச்சர். படிச்சி முடிச்சி, நீங்க இன்னா சொல்லப் போறீங்கன்னு பார்த்துக்கினே இருந்தேன். அதுக்குள்ள நன்றி வணக்கம்னு வந்துடிச்சி.”

கோபமே இல்லை அந்தக் குரலில். எங்கோ இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். ரிமோட்டை நீட்டினேன். “வெச்சிக்குங்க. இங்க யாரு இருக்கா அத வெச்சிக்கினு பேச” என்றார்.

விழுப்புரம் வரும்வரை பஸ்ஸில் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பயந்தவங்க என்று நீ சொன்னது அன்றுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் உன் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பைத் திறந்ததும் அவர் கண்ணாடியைத் தேடி எழுந்தார். “வேணாங்க, படிக்க ஒண்ணுமில்ல” என்றேன். ஒரே ஒரு படம் வைத்திருந்தேன். கோலியனூர் வகுப்பில் புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் பட்டு நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் படம். அவர் வெகுநேரம் பார்த்தார். “வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கும்போதும் இப்படித்தான் மூஞ்சிய வெச்சிக்குவா” என்றார்.

பொட்டை அழுத்தினேன். லேப்டாப் திரை கறுத்ததும் அதில் நாங்கள் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தோம். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

ரேஷன் கடை போர்டுக்கு அவர் சிரித்தார். “வூட்டுல இப்படியெல்லாம் பேசினதே இல்லியே” என்றார். கல்மரம் வந்ததும் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார், சத்தமில்லாமல் கேட்க. சண்டை போட்ட இரண்டு பேரைச் சொன்னேன். நீ பேசாமல் நின்றதைச் சொன்னேன். “தட்டிப் பார்த்தா” என்று உன்னைப் போலவே சொல்லத் தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை.

வாசித்துத் தப்பிக்க அங்கே எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் அழுதேன். அழுதுகொண்டே பேசினால் பேச்சு கெட்டுப்போகும் என்று படத்திறப்பன்று பயந்திருந்தேன். கெட்டுத்தான் போனது. பாதி வாக்கியங்கள் முடியவில்லை, முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொன்னேன்.

அந்த மண்டபத்து நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு இதை இனி நான் சொல்ல முடியாது. அந்த வெட்கத்தை ரிமோட்டோடு சேர்த்து நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டில் அவர் மட்டும், முன்னால் சாய்ந்து, கேட்டுக்கொண்டே இருந்தார்.