முப்பத்திரண்டாவது ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. உனக்கும் மாமாவுக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போனில் சொல்ல வாய் வராத விஷயம் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். தையல் கடையில் ஆட்கள் இருக்கும்போது படிக்காதே. வீட்டில், அப்பா வெளியே போன நேரமாகப் பார்த்துப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை, தோழிகள் நாலு பேரோடு பாறைகளைப் பார்க்கப் போனேன், ஒரே கும்மாளம் என்று சொன்னேன் அல்லவா? பாறைகளுக்குப் போனது நிஜம். தோழிகள் பொய்.

இங்கே பதினாறு நாள் விடுமுறை. இரண்டே நாளில் விடுதி கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. அறைத்தோழி பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கும்போது, "நீ எங்கயும் போகலையா?" என்று கேட்டாள். "படிக்க நிறைய இருக்கு" என்றேன். நம்பிவிட்டாள். மூன்றாம் மாடியில் நான் மட்டும். அந்த மாடிப் பொதுச் சமையலறையில் ஒரு தட்டும் டம்ளரும் கழுவி வைத்தால், அடுத்த வேளைக்கும் அவை வைத்த இடத்திலேயே இருக்கும். என் தட்டை ஏன் எடுத்தாய் என்று சண்டை போடக்கூட ஆள் இல்லை. நாலாம் நாள் என் பெயரை நானே கூப்பிட்டுப் பார்த்தேன். பேசாமலே இருந்து தொண்டை கட்டியிருந்தது.

அன்றைக்குத்தான் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். ஊருக்குப் போகாத வெளிநாட்டு மாணவர்களைப் பாறைகளுக்குக் கூட்டிப்போக ஒரு பஸ். உடனே பெயர் கொடுத்தேன். மொத்தம் முப்பத்திரண்டு பேர். மற்றவர்கள் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் அவருடைய சாப்பாட்டுப் பை.

சும்மா சொல்லக்கூடாது அக்கா, அந்தப் பாறைகள் அப்படி ஒரு அழகு. வெட்டவெளியில் திடீரென்று மூன்று மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. காற்றும் மழையும் எத்தனையோ காலமாக அரித்து அரித்துச் செய்த வேலையாம். ஒன்று அடுக்கி வைத்த பானைகள் மாதிரி, இன்னொன்று மண்டியிட்ட ஒட்டகம் மாதிரி. வழிகாட்டி ஒரு பாறையைக் காட்டி, ராஜாவின் முகம் என்றார். எனக்கென்னவோ, குழாயைத் திறந்து விட்டுவிட்டீர்கள் என்று சண்டைக்கு வரும் நம் வீட்டு ஓனர் முகம்தான் அச்சு அசலாகத் தெரிந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினால், அவரவர் தங்கள் ஆட்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. அதற்குப் பதிலாக அழுகை வந்தது.

யாரும் பார்க்க வேண்டாமே என்று இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள் போனேன். சரளைக்கல் வழுக்கிக் கணுக்கால் மடங்கிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. நாலரைக்குப் பஸ் கிளம்பும் என்று சொல்லியிருந்தார்கள். "யாராவது இருக்கீங்களா" என்று கத்தினேன், அதுவும் தமிழில்! அந்த ஊரில் யாருக்குப் புரியும்? பஸ் ஹாரன் இரண்டு முறை கேட்டது. அப்புறம் இஞ்சின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. பயத்தைவிட வேறொன்றுதான் என்னை உலுக்கியது. என்னைத் தேடுவதற்கு அந்த பஸ்ஸில் ஒருவருக்கும் ஒரு காரணமும் இல்லை.

அரைமணி நேரம் இருக்கும். டிரைவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தொந்தியும் தொப்பியுமாகப் பெரிய உருவம். வெளிவாசல் வரை போய்விட்டார்களாம். எல்லாரும் வந்தாச்சு என்று கூட வந்த கிளீனர் பையன் சொன்னானாம். "என் பைக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சே, அது எங்கன்னு கேட்டேம்மா. பேர் சொல்லிக் கூப்பிடலாம்னா, உன் பேரு ஒருத்தருக்கும் தெரியல" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே, அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். இந்த ஊரில் யாரும் இல்லை என்றேன். டிரைவர், "என் நம்பரப் போட்டுக்கோங்க" என்றார், ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோல. நான் ஓவென்று அழுதுவிட்டேன். வலி தாங்கவில்லை என்று நினைத்து நர்ஸ் இன்னொரு மாத்திரை கொடுத்தாள்.

எலும்பு முறியவில்லை. பத்து நாள் கட்டோடு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் கால் நீட்டிக்கொள்ள இடம் விட்ட கீழ்மாடிப் பெண் நேற்று வந்து கதவைத் தட்டி, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன், உள்ளே வா என்று கூப்பிடவில்லை. சரி என்று போய்விட்டாள். அவள் பெயரை நானும் கேட்கவில்லை பார். கட்டுப் பிரித்ததும் கீழே போய்க் கேட்க வேண்டும்.

என்னை இங்கே அனுப்ப நீ அப்பாவிடம் எவ்வளவு மல்லுக்கு நின்றாய் என்று எனக்குத் தெரியும். "அவ சமாளிச்சுக்குவாப்பா" என்று நீ சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் அந்த நாலு தோழிகளையும் உண்டாக்கினேன். கோபித்துக்கொள்ளாதே. இன்னும் ஐந்து மாதம். பாதியில் கிளம்பி வரமாட்டேன்.

அப்பாவிடம் கால் விஷயத்தைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். எனக்காக ஒன்றே ஒன்று செய். இனிமேல் போனில் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால், சரி என்று உடனே வைத்துவிடாதே. இன்னொரு தடவை கேள், அக்கா.

இப்படிக்கு,
உன் வாலு